வண்டி கிளம்பியதும் துணைக் கருவிகள் தானாக அணைய: ரிலே வயரிங் முழுமையான வழிகாட்டி

பின்பக்க வேலை விளக்கு, பக்கவாட்டு வாசல் விளக்கு, தண்ணீர் பம்ப், ஓட்டுநர் கண்ணில் படும் வீடியோ திரை. வண்டி நிற்கும்போது இவை வேண்டும், ஓடும்போது வேலை செய்யவே கூடாது. ஓட்டுநர் ஞாபகமாக அணைத்துவிடுவார் என்று நம்பி விட்டால் என்றாவது ஒருநாள் மறந்துபோகும். அன்றைக்குப் பின்னால் வருபவரின் கண்ணைக் கூசவைத்தபடி வண்டி போகும். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். ஐந்து கால் ரிலே ஒன்றை வைத்து இதைத் தானாக நடக்கச் செய்துவிடலாம்.

ரிலேயை மாட்டுவது பெரிய வேலை இல்லை. வயரை எல்லாம் இழுத்து முடித்த பிறகு, சிக்னலை எங்கிருந்து எடுப்பது என்று யோசிப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். இங்கே சொல்லும் அளவுகள் 12 வோல்ட் வண்டிகளுக்கானவை. 24 வோல்ட் வண்டி என்றால் ரிலே, பைலட் விளக்கு (கருவி எரிகிறது என்று ஓட்டுநருக்குக் காட்டும் சிறு விளக்கு) எல்லாமே 24 வோல்ட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

1. ‘ஓடுகிறது’ என்பதை ரிலேக்கு எது சொல்லும்?

முதல் முடிவு இதுதான். சிக்னல் தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

இக்னிஷன் லைன்: சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் உயிர்பெறும் வயர். சாவி ஆன் என்றால் கருவி ஆஃப். எளிமையானது, எல்லா வண்டியிலும் கிடைக்கும், டிராஃபிக் சிக்னலில் நண்டு நடக்கும் வேகத்தில் ஊர்ந்தாலும் மாறாது. நிறுத்திய வண்டியில் இன்ஜின் ஓடும்போது கருவி தேவைப்படாது என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் சுற்றும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) டி+ முனை: இன்ஜின் சுற்றத் தொடங்கிய பிறகே இதில் பேட்டரி அளவுக்கு வோல்டேஜ் வரும். பலரும் இதைத்தான் முதலில் தேடுகிறார்கள். இரண்டு சிக்கல்கள் உண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது, டி+ முனையே இருக்காது. அடுத்தது, சிவப்பு விளக்கில் இன்ஜின் தானாக நின்று கிளம்பும் வசதி உள்ள வண்டியில், இன்ஜின் நின்ற நொடியில் டி+ இறங்கும். நடுச்சாலையில் வேலை விளக்கு எரியும்.

வோல்டேஜ் உணரும் ரிலே: பேட்டரி சுமார் 13.3 வோல்ட்டைத் தாண்டினால் இன்ஜின் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளும். ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர்கள் ஓட்டத்தின் நடுவிலேயே வோல்டேஜைக் குறைத்துவிடும் என்பதால் இந்தக் கணக்கு தப்பும். நின்ற வண்டியில் சார்ஜர் போட்டாலும் ‘ஓடுகிறது’ என்று நினைத்துக்கொள்ளும். இந்த வேலைக்கு வேண்டாம்.

ஹேண்ட்பிரேக்: இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும் வண்டியில் கருவி வேண்டும் என்றால் இது பொருத்தம். ஆனால் வண்டியின் சொந்த ஹேண்ட்பிரேக் வயரில் கை வைக்காதீர்கள். பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கும் அதே வயரில்தான் இருக்கும். ரிலே காயிலை (ரிலேயை இயக்கும் கம்பிச்சுருள்) நிரந்தர பாசிட்டிவிலிருந்து அந்த வயருக்குக் கொடுத்தால், சாவி ஆஃபில் இருக்கும்போது காயில் வழியாக மின்சாரம் பின்னோக்கிப் போய் டேஷ்போர்டு சர்க்யூட்டுக்குள் புகும். லீவருக்கு அடியில் தனியாக ஒரு மைக்ரோ சுவிட்ச் பொருத்திக்கொள்வதே சுத்தமான வழி.

2. வயர் அறுந்தால் கருவி எந்த நிலைக்குப் போகும்?

ஐந்து கால் ரிலேயில் 85, 86 இரண்டும் காயில். 30 பொதுக்கால். காயிலுக்கு மின்சாரம் இல்லாதபோது 30 என்பது 87ஏ-வோடு சேர்ந்திருக்கும். மின்சாரம் வந்ததும் 87ஏ-வை விட்டு 87-க்குத் தாவும்.

இக்னிஷன் சிக்னலில் கருவியை 87ஏ-வில் மாட்டுகிறோம். சாவி போட்டால் தொடர்பு விடுபடும். நின்ற வண்டியில் காயில் மின்சாரம் குடிக்காது, அது நல்லது. ஆனால் காயிலுக்குப் போகும் வயர் அறுந்தாலோ அதன் ஃப்யூஸ் போனாலோ, ஓடும்போதும் கருவி எரிந்துகொண்டே இருக்கும்.

ஹேண்ட்பிரேக் மைக்ரோ சுவிட்ச் வழியில் கருவி 87-ல் இருக்கும். இங்கே காயில் சர்க்யூட்டில் எது அறுந்தாலும் கருவி அணைந்துவிடும். பாதுகாப்புக்கு இதுவே மேல். விலையாகக் கொடுப்பது காயில் செலவு: 0.15 ஆம்பியர் வீதம் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர் மணி. அதனால் இந்தக் காயிலுக்கு பாசிட்டிவை நிரந்தர லைனிலிருந்து எடுக்காமல் இக்னிஷன் லைனிலிருந்து எடுங்கள்.

பின்னால் வருபவர் கண்ணில் அடிக்கும் விளக்கு என்றால் இரண்டாவது முறை. தண்ணீர் பம்ப், உள் விளக்கு போன்றவற்றுக்கு முதல் முறை போதும். எந்த முறையானாலும் பைலட் விளக்கு கட்டாயம். அது 7-வது படியில் வருகிறது.

3. கையில் இருக்க வேண்டியவை

ஐந்து கால் ரிலே 1, அதற்கான சாக்கெட் 1. ரிலேயின் மேல் 40/30 ஆம்பியர் என்று போட்டிருக்கும். இதில் 40 என்பது 87-க்கு, 30 என்பது 87ஏ-வுக்கு. பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்கி 87ஏ-வில் முழுச் சுமையை ஏற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. எழுதியிருக்கும் 87ஏ அளவில் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு 55 வாட் ஹாலஜன் விளக்குகள் 9 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும் என்றாலும், குளிர்ந்த இழை எரியத் தொடங்கும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு பாயும்.

இன்னொரு பொறி: ஐந்து கால் இருந்தாலே 87ஏ இருக்கும் என்று அர்த்தமில்லை. சில ரிலேக்களில் இரண்டு 87 கால்கள் இருக்கும், 87ஏ இருக்காது. உடலில் அச்சிட்ட படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

காயிலுக்கு இணையாக உள்ளேயே ரெசிஸ்டர் உள்ள ரிலே கிடைத்தால் அதை எடுங்கள். காயில் அணையும்போது எழும் எதிர்வோல்டேஜ் நூறு வோல்ட்டைத் தாண்டக்கூடும், வண்டியின் மின்னணுப் பாகங்களுக்கு அது ஆகாது. ரெசிஸ்டருக்குப் பதில் டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் பாகம்) உள்ள ரிலே என்றால் 86-ல் பாசிட்டிவ், 85-ல் எர்த், அதாவது நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் உலோக உடல். மாற்றிக் கொடுத்தால் ஃப்யூஸ் போகும் அல்லது டயோடு எரியும்.

மற்றவை: ஃப்யூஸ் ஹோல்டர் 2, 10 ஆம்பியர் ஃப்யூஸ், 2 ஆம்பியர் ஃப்யூஸ், ஃப்யூஸ் டேப் (வண்டியின் ஃப்யூஸ் இடத்தில் செருகிப் புதிய லைன் எடுக்கும் துண்டு) 1, காயிலுக்கு 0.75 சதுர மி.மீ. வயர், சுமைக்கு ஏற்ற தடிமனில் வயர், வளைய லக்குகள், கிரிம்பிங் பிளையர், ரப்பர் கிரோமெட், வளைகுழாய், மல்டிமீட்டர்.

சுமை வயரின் தடிமனைக் கண்ணால் அளக்காதீர்கள். கணக்கு எளிது: 0.0175-ஐ, போக வர மொத்த நீளத்தால் பெருக்கி, தடிமனால் வகுத்தால் ஓம். அதை ஆம்பியரால் பெருக்கினால் வழியில் இழக்கும் வோல்ட். 6 ஆம்பியர் விளக்கு 4 மீட்டர் தள்ளி இருக்கிறது, போக வர 8 மீட்டர். 1.5 சதுர மி.மீ. போட்டால் 0.56 வோல்ட் போய்விடும். 2.5 போட்டால் 0.34 வோல்ட். இழப்பு 0.36 வோல்ட்டுக்குள், அதாவது 12-ல் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் இங்கே 2.5-தான்.

4. ரிலேயை மேசையிலேயே சோதித்துவிடுங்கள்

வண்டிக்குள் தலைகீழாகப் படுத்துக்கொண்டு சோதிப்பதைவிட இது பத்து மடங்கு சுலபம்.

மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். 85-86 இடையே சுமார் 70 முதல் 100 ஓம் காட்ட வேண்டும். டயோடு ரிலே என்றால் முனைகளை மாற்றி வைத்தும் பாருங்கள். 30-87ஏ இடையே பீப் ஒலி வரும், 30-87 இடையே வராது. இப்போது 86-க்கு பாசிட்டிவ், 85-க்கு நெகட்டிவ் என 12 வோல்ட் கொடுங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு இரண்டும் இடம் மாற வேண்டும். சத்தம் மட்டும் கேட்டால் போதாது, பீப் இடம் மாறியதா என்று பாருங்கள். உள்ளே தீய்ந்த தொடர்பும் சத்தம் போடத்தான் செய்யும்.

கால்களில் 1 முதல் 5 வரை எண் போட்ட சிறிய ரிலே கையில் இருந்தாலும் இதே சோதனைதான். எது காயில், எது பொதுக்கால் என்பதை மீட்டரே சொல்லிவிடும்.

5. இக்னிஷன் லைனைக் கண்டுபிடித்தல்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. ஃப்யூஸ் பெட்டியில் ஒரு ஃப்யூஸைத் தேர்ந்து, மீட்டரின் கறுப்பு முனையை உடலின் வெற்று உலோகத்திலும் சிவப்பை ஃப்யூஸின் தலையிலும் வைத்துச் சாவியை ஒவ்வொரு நிலையாகத் திருப்புங்கள்.

சாவி ஆஃப்: 0 வோல்ட். முதல் நிலை, அதாவது பாட்டு மட்டும் கேட்கும் நிலை: 0 வோல்ட். ஆன்: 12-க்கு மேல். ஸ்டார்ட்டர் சுற்றும்போது: 9, 10 வோல்ட் வரை இறங்கலாம், ஆனால் காணாமல் போகக் கூடாது. இன்ஜின் ஓடும்போது: பொதுவாக 13.5 முதல் 14.5.

ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஒரு நொடியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஏசி புளோவர், பின்கண்ணாடி சூடேற்றி போன்றவற்றின் ஃப்யூஸ்களை அந்த நேரத்தில் துண்டிக்கும்படி பல வண்டிகளை அமைத்திருக்கிறார்கள். அந்த லைனை எடுத்தால், ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் விளக்கு ஒரு முறை மின்னி அணையும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்ப்பதே சரி.

சாவியை எடுத்த பிறகும் கதவைத் திறக்கும்வரையோ சில நிமிடங்களோ உயிரோடு இருக்கும் லைன்களும் உண்டு. அதை எடுத்தால் கெடுதல் இல்லை, வண்டியை நிறுத்திய உடனே கருவி எரியாது, அவ்வளவுதான்.

தொடவே கூடாதவை: ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்டியரிங் ஃப்யூஸ்கள். மஞ்சள் உறையிட்ட வயர்களும் கனெக்டர்களும் ஏர்பேக்குக்கு உரியவை. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் உயர் மின்னழுத்தம். அதன் பக்கமே போகாதீர்கள்.

விளக்கு வயர்களிலிருந்தும் சிக்னல் எடுக்காதீர்கள். பல வண்டிகளில் அவற்றில் மின்சாரம் துடிப்புத் துடிப்பாகப் போகிறது, ரிலே குளவி போல ரீங்காரமிடும்.

6. காயில் பக்கம்

பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் உடலில் பட்ட நொடியில் பெரும் தீப்பொறி கிளம்பும்.

ரிலேயை இன்ஜின் சூடும் தண்ணீரும் நேரே படாத இடத்தில், கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். மேல்நோக்கி வைத்தால் சாக்கெட் கிண்ணம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஃப்யூஸ் டேப்பைச் செருகும் திசைக்கு அர்த்தம் உண்டு. ஃப்யூஸை எடுத்துவிட்டு, சாவி ஆனில் எந்தப் பக்கத் துளையில் மின்சாரம் வருகிறது என்று பாருங்கள். இரண்டு ஃப்யூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் போக வேண்டும். திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் உங்கள் சுமையும் வண்டியின் பழைய ஃப்யூஸ் வழியாகவே போகும். இந்தச் சோதனைக்கு மட்டும் பேட்டரியை மறுபடி மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கும், அந்த அலுப்பைப் பார்க்காதீர்கள்.

டேப்பில் 2 ஆம்பியர் ஃப்யூஸ். அங்கிருந்து 0.75 வயர் ரிலேயின் 86-க்கு. 85-லிருந்து எர்த்துக்கு. ஹேண்ட்பிரேக் முறை என்றால் 85-லிருந்து மைக்ரோ சுவிட்ச், அதன் மறுமுனை எர்த். லீவரை இழுத்தால் சுவிட்ச் மூட வேண்டும்.

எர்த் போடும் இடத்தில் பெயின்ட்டை வெற்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். சீட் போல்ட்டிலும், பெல்ட் போல்ட்டிலும் எர்த் எடுக்காதீர்கள். பேட்டரி நெகட்டிவ் முனையில் சிறிய சென்சார் பெட்டி இருந்தால், எர்த் நேராக முனைக்குப் போகக் கூடாது. உடலுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கருவி இழுக்கும் மின்சாரம் சென்சாரின் கணக்கில் வராது.

7. சுமைப் பக்கமும் பைலட் விளக்கும்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து 15, 20 செ.மீ. தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் காப்பது வயரை. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையே உள்ள துண்டுக்குக் காவலே இல்லை என்பதால் அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

ஃப்யூஸிலிருந்து 30-க்கு. 87ஏ-விலிருந்து கருவியின் கைசுவிட்ச், அங்கிருந்து கருவி, பிறகு எர்த். ஹேண்ட்பிரேக் முறையில் 87ஏ-வுக்குப் பதில் 87.

மிஞ்சி நிற்கும் காலை அப்படியே விடாதீர்கள். இக்னிஷன் முறையில் சாவி போட்டதும் காலியான 87-க்குப் பேட்டரியின் முழு மின்சாரமும் வந்துவிடும். எதிலாவது உரசினால் தீப்பொறிதான். சாக்கெட்டின் அந்த வயரை வெட்டி, முனையை வெப்பச்சுருக்கு குழாயால் மூடுங்கள்.

பைலட் விளக்கு என்பது ரெசிஸ்டர் உள்ளேயே அமைந்த 12 வோல்ட் எல்இடி. அதைக் கைசுவிட்சுக்குப் பிறகு, கருவிக்குப் போகும் வயரிலிருந்து எடுத்து டேஷ்போர்டில் ஓட்டுநர் பார்வையில் வையுங்கள். ரிலேயின் தொடர்பு தீய்ந்து ஒட்டிக்கொண்டால் அதை வேறு எதுவும் ஓட்டுநருக்குச் சொல்லாது. எல்இடி விளக்குகளின் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி பெரும் மின்சாரத்தை உறிஞ்சுவதால் இந்த ஒட்டல் நடக்கக்கூடியதே.

இணைப்புகளுக்கு கிரிம்ப் லக். ஈயம் வைத்தால் அது வயரின் இழைகளுக்குள் ஏறிக் கெட்டியாகி, அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடிகிறது. வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்புகளும் வேண்டாம், சில இழைகளை அறுத்துவிடும், உள்ளே பச்சை பூக்கும்.

இன்வெர்ட்டரைத் துண்டிக்க வேண்டும் என்றால் அதன் பெரிய கேபிளை இந்த ரிலேயில் கொண்டுவராதீர்கள், தாங்காது. ரிமோட் ஆன்-ஆஃப் முனை இருந்தால் அதை மட்டும் ரிலேயில் கொடுங்கள்.

8. தானாக அணைந்தது தானாக எரியாமல் இருக்க

இக்னிஷன் முறையில் பலருக்குத் தெரியாமல் போகும் குறை ஒன்று உண்டு. கைசுவிட்சை அணைக்க மறந்து ஓட்டிப்போகிறீர்கள், விளக்கு அணைந்திருக்கிறது. ஊர் சேர்ந்து சாவியை எடுத்துப் பூட்டிவிட்டுப் போனதும் விளக்கு மறுபடி எரியத் தொடங்கும். 6 ஆம்பியர் வீதம் 10 மணி நேரத்தில் 60 ஆம்பியர் மணி, காலையில் வண்டி கிளம்பாது.

இதற்கு இரண்டாவது ரிலே ஒன்றும் விட்டால் திரும்பிவரும் புஷ் பட்டனும் வேண்டும். பட்டனை அழுத்தினால் கருவி எரிந்து நிற்கும், சாவி போட்டதும் அணையும், மறுபடி அழுத்தினால்தான் எரியும்.

முதல் ரிலே: 86-ல் இக்னிஷன், 85-ல் எர்த், 30-ல் எர்த், 87ஏ-விலிருந்து இரண்டாவது ரிலேயின் 85-க்கு.

இரண்டாவது ரிலே: 30-ல் ஃப்யூஸ் வழியாகப் பேட்டரி, 87-லிருந்து கருவி. 2 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ள தனி பாசிட்டிவ் வயர் புஷ் பட்டன் வழியாக 86-க்கு. 87-லிருந்து 86-க்கு 1என்4007 டயோடு, வெள்ளிக் கோடு 86 பக்கம்.

அந்த டயோடுக்குப் பதில் வெறும் வயரைப் போடுபவர்கள் அதிகம். அப்போதும் வேலை செய்வது போலவே தெரியும். ஆனால் பட்டனை அழுத்தும் நேரத்தில் கருவியின் முழுச் சுமையும் பட்டன் வழியாகப் பாயும். வண்டி ஓடும்போது பட்டனைப் பிடித்துக்கொண்டால் கருவியும் எரியும், செய்த வேலையே வீண். டயோடு இருந்தால் பட்டனின் மின்சாரம் காயிலோடு நின்றுவிடும். ஓடும்போது காயிலுக்கு எர்த் இல்லை, பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் நடக்காது.

கையால் அணைக்க, எப்போதும் மூடியிருந்து அழுத்தினால் திறக்கும் பட்டன் ஒன்றை முதல் ரிலேயின் 87ஏ-வுக்கும் இரண்டாவதின் 85-க்கும் நடுவே போடுங்கள். இந்த அமைப்பில் கைசுவிட்ச் தேவையில்லை. பைலட் விளக்கை இரண்டாவது ரிலேயின் 87-லிருந்து எடுக்கலாம்.

9. சோதிக்கும் வரிசை

பேட்டரியை மாட்டும் முன், சுமை வயரின் ஃப்யூஸ் இல்லாமல், 30-க்கும் உடலுக்கும் இடையே மீட்டரில் ஷார்ட் இல்லை என்று பாருங்கள். பிறகு நெகட்டிவைக் கடைசியாக மாட்டி ஃப்யூஸ்களைப் போடுங்கள்.

இக்னிஷன் முறையில் சாவி ஆஃபில் கருவியை எரியவிடுங்கள். அப்படியே முதல் நிலை, ஆன், ஸ்டார்ட், ஓட்டம் என ஒவ்வொன்றிலும் சில நொடி நின்று பாருங்கள். ஆனில் அணைந்து, ஸ்டார்ட்டில் மின்னாமல், ஓட்டம் முழுக்க அணைந்தே இருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் முறையில் இன்ஜின் ஓட, கால் பிரேக்கை மிதித்தபடி லீவரை மெல்ல இறக்குங்கள். லீவர் முழுதும் கீழே போகும் முன்பே அணைய வேண்டும். கடைசிப் பல்லில் அணைந்தால் மைக்ரோ சுவிட்சை நகர்த்துங்கள், பாதி இறக்கிய லீவரோடும் வண்டி நகரும்.

அடுத்து, காயில் ஃப்யூஸை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். இக்னிஷன் முறையில் கருவி எரியும், அப்போது பைலட் விளக்கு பகல் வெளிச்சத்திலும் கண்ணில் படுகிறதா என்பதே கேள்வி. ஹேண்ட்பிரேக் முறையில் எதுவும் எரியக் கூடாது.

10. கோளாறும் காரணமும்

ஓடும்போது எரிகிறது, நின்றால் அணைகிறது: 87-ம் 87ஏ-வும் இடம் மாறியிருக்கின்றன, அல்லது இரண்டு 87 உள்ள ரிலேயை வாங்கிவிட்டீர்கள்.

சாவி போட்டதும் 2 ஆம்பியர் ஃப்யூஸ் போகிறது: டயோடு ரிலேயில் 85, 86 மாறியிருக்கின்றன.

ரிலே ‘டக்’ என்கிறது, கருவி எரியவில்லை: முதலில் கருவியின் எர்த்தைப் பாருங்கள். கருவி ஆனில் இருக்க, அதன் எர்த் லக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அங்கே துருவோ பெயின்ட்டோ இருக்கிறது.

எல்இடி விளக்கு அணைந்த பிறகும் மங்கலாக மினுங்குகிறது: எங்கிருந்தோ சிறிது மின்சாரம் கசிகிறது. உள்ளே சிறு விளக்கு உள்ள கைசுவிட்ச் போட்டிருந்தால் அதன் இணைப்பிலிருந்து தொடங்குங்கள்.

ரிலேயைத் தொட்டால் கை சுடுகிறது: காயிலால் வரும் வெதுவெதுப்பு இயல்பு. சாக்கெட்டின் 30 அல்லது 87ஏ பக்கம் பிளாஸ்டிக் பழுத்திருந்தால் லக் தளர்ந்திருக்கிறது. ரிலேயை மட்டும் மாற்றினால் அடுத்ததும் அதே போலத் தீயும், சாக்கெட்டையும் லக்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.